மலை நகர்வதை யார் பார்த்தது?

ஒருத்தரை முழுசாக நம்பினால் ‘மலை மாதிரி நம்பியிருக்கேன்’ என்று சொல்வது நம் வழக்கம். காசு கைவிடும், உறவு கைவிடும், மலை மட்டும் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். அந்த நம்பிக்கையில்தான் உலகம் முழுக்க மலையடிவாரங்களில் ஊர்கள் உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால் சில மலைகள் நகர்கின்றன. மொத்த மலையும் இல்லை, அதன் ஒரு தோள்பட்டை, ஒரு விலா. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், ஏறக்குறைய நம் விரல் நகம் வளரும் வேகம். ஐம்பது வருஷம், நூறு வருஷம் இப்படியே ஊர்ந்துகொண்டிருக்கும். பிறகு ஒரு நாள் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். இன்றைக்கு அந்த ஊர்தலை லேசர் ஒளியால் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். இந்த இடத்துக்கு வந்து சேர மனிதர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. கருவி கிடைக்கத் தாமதமானது ஒரு காரணம். கருவி சொன்னதைக் கேட்கத் தயாராக இல்லாதது இன்னொரு காரணம்.

சிலேட்டுக்காகக் குடைந்த மலை

ஸ்விட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலத்தில் எல்ம் என்று ஒரு சின்ன கிராமம். ஆடு மாடு வளர்த்துப் பிழைத்த ஊர். 1860களின் கடைசியில் ஊருக்கு மேலே இருந்த மலையில் ஒரு குவாரி திறந்தார்கள். அங்கே கிடைத்தது நல்ல கறுப்புப் பலகைக்கல். நம் தாத்தா பாட்டி பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போன சிலேட்டு இருக்கிறதே, அந்தக் கல்தான். ஐரோப்பாவில் பள்ளிக்கூடங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. சிலேட்டுக்கு நல்ல கிராக்கி. விவசாயிகளே குவாரி வேலைக்குப் போனார்கள். சுரங்கம் படித்தவர்கள் யாரும் அங்கே இல்லை.

மலையின் அடியில் குடைந்துகொண்டே போனார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் 180 மீட்டர் அகலத்துக்கு, சில இடங்களில் 60 மீட்டருக்கு மேல் ஆழத்துக்கு மலையின் காலைச் சீவியெடுத்தாயிற்று. மேலே இருக்கிற பாறையைத் தாங்க எதையும் விட்டுவைக்கவில்லை. மலையின் மேற்பகுதியில் ஒரு விரிசல் விழுந்தது. ஊர்க்காரர்கள் அதைப் பார்த்தார்கள். 1881 கோடையின் இறுதியில் விடாமல் மழை பெய்தது. விரிசல் அகன்றது, கற்கள் உருண்டன. செப்டம்பர் தொடக்கத்தில் குவாரி வேலை நின்றது. அதிகாரிகள் மேலே ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஊரைக் காலி செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம். வேலை இல்லாத நாள், அதனால் பல பேர் வெளியே நின்று மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு பக்கம் சரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே நின்ற பெரிய பாறைத்திரள் சில நிமிடங்களில் மொத்தமாக வந்து விழுந்தது. சுமார் ஒரு கோடி கன மீட்டர் பாறை. ஒரு டிப்பர் லாரிக்கு 10 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 10 லட்சம் லோடு. முதல் சரிவைப் பார்த்ததும் சிலர் புத்திசாலித்தனமாக எதிர்ப்பக்கத்து மேட்டில் ஏறினார்கள். பாறை வெள்ளம் அந்த மேட்டிலும் ஏறி வந்தது. 115 பேர் இறந்தார்கள்.

இதில் கவனிக்கவேண்டிய ஆள் ஆல்பர்ட் ஹைம். சூரிச்சில் புவியியல் பேராசிரியர், அப்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். எர்ன்ஸ்ட் புஸ் என்ற பாதிரியாரோடு சேர்ந்து தப்பித்தவர்களின் சாட்சியங்களைத் தொகுத்து அதே வருஷம் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாறை எங்கிருந்து கிளம்பியது, எப்படி ஓடியது, எந்த நிமிடத்தில் யார் எங்கே நின்றார் என்று எல்லாம் அதில் உண்டு. பாறைக்கூட்டம் கல் உருளுவதுபோல் விழாமல் தண்ணீர் மாதிரி ஓடியது என்பதை அந்தச் சாட்சியங்களில் இருந்துதான் அவர் பிடித்தார். ஐம்பது வருஷம் கழித்து, 1932இல், எண்பதைத் தாண்டிய வயதில் மலைச்சரிவும் மனித உயிரும் என்ற பொருள்படும் தலைப்பில் அவர் ஒரு புத்தகம் எழுதினார். இந்தத் துறைக்கு அதுதான் ஆதிநூல் மாதிரி.

எல்மில் குறை எங்கே? எல்லோரும் விரிசலைப் பார்த்தார்கள். யாரும் அளக்கவில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு எண் இருந்திருந்தால் மலையேறிய அதிகாரிகளிடம் அதைக் காட்டி வாதாடியிருக்கலாம். கண்ணால் பார்த்தது வெறும் பயமாகவே நின்றுவிட்டது.

ஒரே ஏரி, இரண்டு தடவை

நார்வேயின் மேற்குக் கரையில் மலை செங்குத்தாக இறங்கித் தண்ணீரில் முடியும். கடல் உள்ளே புகுந்த இடம் ஃபியோர்டு. உள்நாட்டில் நிற்கிற நீர் ஏரி. விவசாயம் செய்யத் தோதான நிலம் தண்ணீரின் ஓரத்தில்தான் இருக்கிறது. அதனால் வீடுகளும் அங்கேதான். மலை விழுந்தால் கல் வந்து அடிக்கவேண்டும் என்றே இல்லை. கல் தண்ணீரில் விழும், தண்ணீர் வந்து அடிக்கும்.

1905 ஜனவரி 15 இரவு. லோவாட்நெட் ஏரிக்கு மேலே நின்ற ராம்னெஃபியெல் மலையிலிருந்து ஒரு பகுதி ஏரியில் விழுந்தது. எழுந்த அலையில் கரையோரப் பண்ணைகள் போயின. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. ஏரியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்ன நீராவிக் கப்பலை அலை தூக்கிக் கரைக்கு உள்ளே நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி வைத்துவிட்டுப் போனது.

ஜனங்கள் திரும்பி வந்து அதே இடத்தில் வீடு கட்டினார்கள். வேறு எங்கே போவது? நிலம் அங்கேதானே இருக்கிறது. தரையில் கிடந்த கப்பல் ஒரு நினைவுச்சின்னம் மாதிரி அப்படியே கிடந்தது. 1936 செப்டம்பர் 13 அதிகாலை அதே மலை மறுபடியும் விழுந்தது, இந்த முறை இன்னும் பெரிசாக. அலை சில இடங்களில் 70 மீட்டருக்கு மேல் ஏறியது. 74 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலையும் அலை இன்னும் மேலே தூக்கிப் போட்டது.

இந்த இரண்டுக்கும் நடுவில் டாஃப்யோர்டு. 1934 ஏப்ரல் 7, விடியற்காலை மூன்று மணி வாக்கில் மலையின் ஒரு துண்டு சுமார் 700 மீட்டர் உயரத்திலிருந்து ஃபியோர்டில் விழுந்தது. 40 பேர் இறந்தார்கள். அந்த மலையில் விரிசல் இருப்பது உள்ளூரில் தெரிந்த விஷயம்தான். ஆடு மேய்க்கப் போகிறவனுக்கும் வேட்டைக்குப் போகிறவனுக்கும் மலையில் எங்கே எது பிளந்திருக்கிறது என்று தெரியாமலா இருக்கும்? ஆனால் அந்தத் தகவலை வாங்கிக்கொள்ள ஓர் ஆபீஸ் கிடையாது, பதிவேடு கிடையாது, அபாயம் என்று சொல்ல ஒரு சைரன் கிடையாது. தெரிந்த விஷயம் தெரிந்தவர்களோடேயே போய்விட்டது.

முப்பத்தோரு வருஷத்தில் ஒரே வட்டாரத்தில் மூன்று சரிவு, 175 உயிர். நார்வே இன்றைக்கு மலையைக் கண்காணிப்பதில் உலகத்துக்கே முன்னால் நிற்கிறது என்றால் அதன் அஸ்திவாரம் இந்த எண்ணிக்கைதான்.

அளந்தார்கள், ஆனால் எதற்காக?

எல்மில் அளக்கவில்லை, நார்வேயில் கேட்க ஆளில்லை. அப்படியானால் ஒழுங்காக அளந்து, படித்தவர்கள் உட்கார்ந்து ஆராய்ந்தால் தப்பிக்கலாம் அல்லவா? இதற்குப் பதில் வட இத்தாலியில் இருக்கிறது.

வயோந்த் பள்ளத்தாக்கில் 261 மீட்டர் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் அணை. 1960 வாக்கில் உலகத்தின் மிக உயரமான அணைகளில் ஒன்று. மின்சாரத்துக்காக ஒரு தனியார் நிறுவனம் கட்டியது. நீர்த்தேக்கத்தின் இடப்பக்கக் கரை டோக் என்ற மலை. உள்ளூர்ப் பேச்சில் உளுத்துப்போனது என்ற பொருள்படும் ஒரு சொல்லோடு இந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்வதுண்டு. பெயர் வைத்தவர்கள் ஜியாலஜி படித்தவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

ஜியாலஜி படித்த ஒருவரும் அதையேதான் சொன்னார். எடோர்டோ செமென்சா என்ற இளம் புவியியலாளர், அணையை வடிவமைத்த கார்லோ செமென்சாவின் மகன். டோக் மலையின் சரிவில் இருப்பது முழு மலை இல்லை, பழைய காலத்தில் ஒருமுறை சரிந்து நின்ற ஒரு பிரம்மாண்டமான துண்டு என்று 1959-60இலேயே கண்டுபிடித்தார். அப்பா கட்டிய அணைக்கு மகன் கொடுத்த எச்சரிக்கை.

1960இல் தண்ணீர் நிரப்ப ஆரம்பித்தார்கள். அக்டோபரில் டோக் மலையின் மேல் சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஆங்கில எம் எழுத்து வடிவத்தில் விரிசல் விழுந்தது. நவம்பர் 4ஆம் தேதி சுமார் ஏழு லட்சம் கன மீட்டர் நிலம் நீர்த்தேக்கத்தில் சரிந்தது. அதற்குப் பிறகு மலையில் குறிகள் நட்டு, சர்வே கருவியால் அவற்றின் நகர்வைத் தொடர்ந்து அளந்தார்கள். தண்ணீர் ஏறினால் மலை வேகமாக நகர்கிறது, இறக்கினால் நிதானிக்கிறது என்று தெரிந்தது. இந்த இடத்தில் ஒரு விபரீதமான யோசனை பிறந்தது. தண்ணீரை ஏற்றி இறக்கி மலையைக் கொஞ்சம் கொஞ்சமாக, நம் கட்டுப்பாட்டில், கீழே கொண்டுவந்துவிடலாம். வேகம் நம் கையில் இருக்கிறது. மாதிரித் தொட்டி ஒன்றில் சோதனை செய்து நீர்மட்டம் 700 மீட்டர் குறியில் இருந்தால் எது விழுந்தாலும் ஆபத்தில்லை என்றும் கணித்தார்கள்.

அந்த வட்டாரத்தில் டீனா மெர்லின் என்று ஒரு பத்திரிகையாளர். இந்த மலை விழும், ஊர் ஜனங்கள் பயந்துகிடக்கிறார்கள் என்று விடாமல் எழுதினார். பொய்ச்செய்தி பரப்பிப் பொது அமைதியைக் குலைத்ததாக வழக்குப் போட்டார்கள். 1960இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மலை விஷயத்தில் ஒன்றும் மாறவில்லை.

1963 செப்டம்பரில் நீர்மட்டம் 710 மீட்டரைத் தொட்டது. நகர்வு வேகமெடுத்ததும் தண்ணீரை இறக்கத் தொடங்கினார்கள். முந்தைய தடவைகளில் கேட்ட மலை இந்தத் தடவை கேட்கவில்லை. தண்ணீர் இறங்க இறங்க வேகம் கூடியது. அக்டோபர் முதல் வாரம் கடந்தபோது ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டர் அளவுக்குப் போய்விட்டது. டோக் சரிவில் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். அணைக்குக் கீழே இருந்த லோங்கரோனே ஊருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 9, இரவு 10:39. டி.வி.யில் ரியல் மாட்ரிட் ஃபுட்பால் ஆட்டம் என்பதால் மலைக்கிராமங்களிலிருந்தும் ஆட்கள் லோங்கரோனேயின் மதுக்கடைகளுக்கு இறங்கி வந்திருந்தார்கள். சுமார் 27 கோடி கன மீட்டர் மலை ஒரே மூச்சில் நீர்த்தேக்கத்துக்குள் இறங்கியது. நீர்மட்டம் அப்போது ஏறக்குறைய அந்தப் பாதுகாப்பான 700 மீட்டர் குறியில்தான் இருந்தது. அலை அணையின் தலைக்கு மேல் நூறு மீட்டருக்கும் அதிகமாக எழும்பிக் கீழே விழுந்தது. 1,900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அணைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் நிற்கிறது, பின்னால் தண்ணீர் இல்லாமல்.

வயோந்தில் எண்கள் இருந்தன. வரைபடங்கள் இருந்தன. அந்த எண்கள் அணையை எப்படி ஓட்டுவது என்ற கேள்விக்காக எடுக்கப்பட்டவை. ஊரை எப்போது காலி செய்வது என்ற கேள்வியை அவற்றிடம் யாரும் கேட்கவில்லை. எல்மைவிட இது கொடுமை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

மலைக்கு நாள் குறிப்பது

ஒரு மலை எப்போது விழும் என்று தேதி சொல்ல முடியுமா? ஒருமுறை கிட்டத்தட்ட அதுவும் நடந்தது. சிலி நாட்டில் சுகிகமாட்டா என்ற மாபெரும் செப்புச் சுரங்கம். திறந்தவெளிக் குழியின் ஒரு சுவர் நகர ஆரம்பித்தது. பொறியாளர்கள் வேகத்தை வரைந்து பார்த்துவிட்டு 1969 பிப்ரவரி 18 அன்று விழும் என்று ஒரு மாதத்துக்கும் முன்பே சொன்னார்கள். அன்றைக்கே விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

இதை ஜப்பானிய ஆய்வாளர் ஃபுகுசோனோ 1985இல் ஓர் எளிமையான வழியாக மாற்றினார். கணக்கு பிடிக்காதவர்களுக்கும் புரியும். ஒரு பாறை இன்று ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாள் கழித்துப் பார்த்தால் 2 மில்லிமீட்டர். அதிலிருந்து இரண்டரை நாளில் 4. அதற்கப்புறம் ஒன்றேகால் நாளில் 8. இதை அப்படியே வரைந்தால் கோடு வானத்துக்குப் பாயும், எங்கே முடியும் என்று கண்ணுக்குத் தெரியாது. தலைகீழாக்கி வரையுங்கள்: ஒன்று, அரை, கால், அரைக்கால். இப்போது கோடு நேராகக் கீழே இறங்குகிறது. அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்து நீட்டினால் பத்தாவது நாளில் பூஜ்யத்தைத் தொடும். அந்தப் பத்தாவது நாள்தான் ஆபத்து.

நிஜ மலைகள் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. மழை பெய்தால் ஓடும், காய்ந்தால் நிற்கும், உறைபனி வந்தால் மாசக்கணக்கில் தூங்கும். இந்தச் சூத்திரத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. நகர்வைத் தொடர்ந்து அளந்திருக்க வேண்டும், அதுவும் எந்த இடம் நகர்கிறதோ சரியாக அந்த இடத்தில். ஒரு கம்பியை, ஒரு குறியை மலையில் எங்கே நடுவது? நட்ட இடம் நகராமல் பக்கத்துப் பாறை நகர்ந்தால்? விழப்போகும் பாறையின் மேல் ஏறிக் குறி நடப் போகிற ஆளின் உயிருக்கு யார் பொறுப்பு?

ஒளியால் தொடுவது

1960 மே மாதம் கலிஃபோர்னியாவில் தியோடர் மெய்மன் முதல் லேசரை எரியவிட்டார். டோக் மலையில் அந்த விரிசல் விழுந்த அதே வருஷம். இரண்டுக்கும் சம்பந்தம் ஏற்பட இன்னும் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஆகவேண்டியிருந்தது.

தத்துவம் சுலபம். லேசர் துடிப்பு ஒன்றைப் பாறை மேல் விடு. பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் என்று பார். ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். போய்வரும் நேரம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். அந்தத் துடிப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கில் விட்டு, கண்ணாடியைச் சுழற்றி மலை முகம் முழுக்கத் துழாவினால் லட்சக்கணக்கான புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண். கணினியில் விரித்துப் பார்த்தால் புள்ளிகளால் ஆன ஒரு மலை தெரியும். இதைப் புள்ளிமேகம் என்கிறார்கள், நல்ல பேர்தான். 1990களின் கடைசியில் முக்காலியில் பொருத்தும் ஸ்கேனர்கள் சந்தைக்கு வந்தன. 2000க்குப் பிறகு புவியியலாளர்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு மலைகளுக்குப் போனார்கள். பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் பத்திரமாக நின்றுகொண்டு, ஒரு பாறையைக்கூடத் தொடாமல், மலை முழுவதையும் அளக்க முடிந்தது.

ஒரு ஸ்கேன் வெறும் படம். இரண்டு ஸ்கேன்தான் செய்தி. வாரப் பத்திரிகையில் ‘ஆறு வித்தியாசம் கண்டுபிடி’ என்று போடுவார்களே, அதேதான். போன வருஷ மேகத்தையும் இந்த வருஷ மேகத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் இங்கே ஒரு சிக்கல். லேசர் இரண்டு தடவையும் அதே புள்ளியில் படாது. போன முறை ஒரு பிளவின் விளிம்பில் பட்டது இந்த முறை இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் படும். புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டால் நகராத பாறையும் நகர்ந்ததாகக் காட்டும். அதனால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து, பரப்புக்கும் பரப்புக்கும் உள்ள தூரத்தை அளக்கிறார்கள். தனித்தனிப் புள்ளியில் பிழை ஒரு சென்டிமீட்டர் இருந்தாலும் நிறையப் புள்ளிகளைச் சேர்க்கும்போது மில்லிமீட்டர் நகர்வு தெரிய ஆரம்பிக்கும். மலை முகத்தில் நகராத இடங்களை முதலில் பூட்டிக்கொண்டு மற்றதை ஒப்பிட வேண்டும் என்பதும் முக்கியம். எது நகரவில்லை என்று தப்பாக நினைத்தால் எல்லாமே தப்பு.

இந்த வித்தை பழகிய இடங்களில் ஒன்று ஸ்பெயினின் கேட்டலோனியா. அங்கே காஸ்டெல்ஃபோலிட் என்று ஓர் ஊர். எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறையின் விளிம்பில், 50 மீட்டர் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு வீடுகள் வரிசையாக நிற்கும். அந்தப் பாறைச்சுவரைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்தபோது, ஒரு பாறை விழுவதற்கு முன்னால் மில்லிமீட்டர் கணக்கில் வெளியே தள்ளிக்கொண்டு வருவது பதிவானது. பாறை விழும் முன் சின்னதாக ஒரு ‘வர்றேன்’ சொல்கிறது.

இன்னோர் இடம் புச்செர்கோஸ். அந்த ஊரின் பழைய பகுதியை 1881 ஜனவரியில் ஒரு நிலச்சரிவு நாசமாக்கியது. ஆமாம், எல்ம் விழுந்த அதே 1881. சரிந்தது போக மிச்சம் நின்ற செங்குத்துச் சுவரை 2007 முதல் ஆய்வாளர்கள் வருஷக்கணக்கில் ஸ்கேன் செய்தார்கள். சுவரின் ஒரு பகுதி மட்டும் மெதுவாக முன்னால் சாய்ந்துகொண்டிருந்தது வண்ணப் படத்தில் தெரிந்தது. 2013 டிசம்பர் 3 அன்று அந்தப் பகுதிதான், சுமார் 1,000 கன மீட்டர், கழன்று விழுந்தது. எல்மில் வெறுங்கண்ணோடு மேலே ஏறிப்போனவர்களுக்கு இப்படி ஒரு படம் கையில் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

லேசரை ரொம்பவும் புகழ்ந்துவிட வேண்டாம். மூடுபனியில் அதற்குக் கண் தெரியாது. பனி மூடினால் பனியைத்தான் அளக்கும். செடி கொடி மண்டிய சரிவில் திணறும். பாறையின் பின்பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்லாது. ராத்திரி பகல், மழை மூட்டம் பார்க்காமல் நிமிடத்துக்கு நிமிடம் கண்காணிக்க ரேடார்தான் வேண்டும். அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மலையின் எந்தத் துண்டு, எவ்வளவு பெரிது, எந்தத் திசையில் நகர்கிறது என்பதை லேசர் சொல்லும். இப்போது, இந்த நிமிடம், என்ன வேகம் என்பதை ரேடார் சொல்லும். உள்ளே ஆழத்தில் நடப்பதைத் துளையிட்டு இறக்கிய கருவிகள் சொல்லும்.

பதினாறு தடவை

கருவி வந்துவிட்டது, அரசாங்கமும் கேட்கிறது. கதை முடிந்ததா? இல்லை, புதுத் தலைவலி ஒன்று ஆரம்பித்தது.

நார்வேயின் ரோம்ஸ்டால் பள்ளத்தாக்கில் மன்னென் என்ற மலை. அதன் ஒரு சிறு துண்டுக்கு வெஸ்லமன்னென், ‘குட்டி மன்னென்’, என்று பேர். 2014 இலையுதிர்காலத்தில் அது வேகமாக நகர ஆரம்பித்ததைக் கருவிகள் காட்டின. கீழே இருந்த சில குடும்பங்களை வெளியேற்றினார்கள். நாடே டி.வி.யில் நேரலையாக மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. மலை விழவில்லை. குளிர் வந்தது, உறைந்தது, நின்றது. ஜனங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அடுத்த வருஷம் மறுபடியும். அதற்கடுத்த வருஷமும். கோடையின் மழையில் ஓடும், குளிரில் தூங்கும். ஒருமுறை, ‘இது தானாக விழாது போல, நாமே தள்ளிவிடுவோம்’ என்று மேலே தண்ணீர் பாய்ச்சியும் பார்த்தார்கள். அதற்கும் அசையவில்லை. மொத்தம் பதினாறு தடவை அந்தக் குடும்பங்கள் பெட்டி கட்டி வெளியேறின. யோசித்துப் பாருங்கள். மாட்டுக்குத் தீவனம் யார் போடுவது, பிள்ளையின் ஸ்கூல் பையை எடுத்தாச்சா, இந்தத் தடவை எத்தனை நாள். புலி வருது கதையில் பொய் சொன்னது பையன். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. புலி நிஜமாகவே ஒவ்வொரு தடவையும் வேலி வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

2019 செப்டம்பர் 5 இரவு வெஸ்லமன்னென் விழுந்தது. சுமார் 54,000 கன மீட்டர். கீழே ஒருத்தரும் இல்லை. பதினாறாவது தடவையும் அவர்கள் சொன்னபடி வெளியேறியிருந்தார்கள்.

இந்தச் சம்பவத்தில் செத்தவர்கள் இல்லை என்பதால் இது வரலாற்றில் பெரிதாக நிற்காது. வயோந்தைப் பற்றிப் படங்களும் புத்தகங்களும் உண்டு, வெஸ்லமன்னெனுக்கு யார் எழுதுவார்? ஆனால் என் கணக்கில் இந்த நூற்றாண்டுக் கதையின் முக்கியமான நாள் அதுதான். பதினைந்து தடவை ‘தப்பாக’ சொன்ன ஒரு அமைப்பை மக்கள் பதினாறாவது தடவையும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை எந்த ஸ்கேனரும் தயாரித்துக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் எதற்காக வெளியேறச் சொல்கிறோம் என்று தரவைத் திறந்துவைத்துப் பேசியதால் வந்தது அது. டீனா மெர்லின் மேல் வழக்குப் போட்ட உலகத்துக்கும் இதற்கும் இடையே உள்ள தூரத்தை மீட்டரில் அளக்க முடியாது.

உயிர் மிஞ்சியது, ஊர்?

ஸ்விட்சர்லாந்துக்கே திரும்பி வருவோம். பிரியென்ஸ் கிராமத்துக்கு மேலே இருந்த மலைத்துண்டு வேகமெடுத்ததால் 2023 மே மாதம் ஊர் முழுவதையும் காலி செய்தார்கள். ஜூன் 15 இரவு மலை வந்தது. பத்து லட்சம் கன மீட்டருக்கு மேற்பட்ட கல் ஊரின் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தின் பக்கத்தில் வந்து நின்றது. ஊர் தப்பியது.

பிளாட்டன் தப்பவில்லை. 2025 மே மாதம் அந்தக் கிராமத்துக்கு மேலே இருந்த சிகரத்திலிருந்து பாறைகள் கழன்று கீழே இருந்த பிர்ச் பனியாற்றின் மேல் குவிந்தன. பாரம் தாங்காமல் பனியாறே வேகமெடுத்தது. மே 19 அன்று சுமார் 300 பேரை வெளியேற்றினார்கள், கால்நடைகளோடு. ஒன்பது நாள் கழித்து, 28ஆம் தேதி பிற்பகல், பனியும் பாறையும் சேர்ந்து இறங்கின. ஊரின் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில் போனது. எச்சரித்த பகுதிக்கு வெளியே இருந்த ஒருவர் மட்டும் உயிரிழந்தார்.

எல்மில் 115, பிளாட்டனில் ஒன்று. 144 வருஷத்தில் அறிவியல் செய்த சாதனை இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது. ஆனாலும் பிளாட்டன்காரர்களிடம் போய் ‘ஜெயிச்சுட்டோம்’ என்று சொல்ல முடியுமா? உயிரோடு இருக்கிறார்கள், தேவாலயம் இல்லை, கல்லறை இல்லை, வீடு இருந்த தெருவே இல்லை. கருவிகள் மலையைப் பிடித்து நிறுத்துவதில்லை. ‘கிளம்பு’ என்று சொல்ல மட்டும்தான் அவற்றால் முடியும். கிளம்பியவன் எங்கே போவான் என்பது லேசருக்குத் தெரிந்த விஷயம் இல்லை.

நார்வேயில் இன்னும் விழாத ஒன்று மிச்சம் இருக்கிறது. சுன்மோர் வட்டாரத்தில் ஓக்னெஸ் என்ற சரிவு. அதிகபட்சமாக 5 கோடி கன மீட்டருக்கு மேல் விழலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். டாஃப்யோர்டில் விழுந்ததைப்போல பல மடங்கு. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டிருக்கிறது. லேசர் ஸ்கேன், ரேடார், ஜி.பி.எஸ்., ஆழ்துளைக் கருவிகள் என்று உலகத்திலேயே அதிகமாகக் கண்காணிக்கப்படும் மலைகளில் அதுவும் ஒன்று. விழுந்தால் எழும் அலை ஹெல்லெசில்ட் கிராமத்தை ஐந்து நிமிடங்களில் அடையும், கெய்ராங்கரைப் பத்து நிமிடங்களில். அதனால் விழுவதற்குச் சில நாட்கள் முன்பே சொல்லியாக வேண்டும். இதை வைத்து 2015இல் ஒரு நார்வேஜியப் படமும் வந்தது. சினிமாவில் மலை விழுந்தது, நிஜத்தில் இன்னும் இல்லை.

ஹெல்லெசில்டில் ஹோட்டல் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, கோடையில் டூரிஸ்ட் கூட்டம் இருக்கிறது. சைரனைச் சோதித்துப் பார்க்கிறார்கள், எந்த மேட்டுக்கு ஓடவேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். தினமும் யாரோ ஒருவர் திரை முன்னால் உட்கார்ந்து ராத்திரி மலை எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கிறார். பெரும்பாலான நாட்களில் சொல்லும்படி ஒன்றும் இருக்காது. அவர் பார்க்கிறார் என்ற நம்பிக்கையில் கீழே அன்றைக்கும் கடை திறக்கிறார்கள்.